கூகுள் டிரைவா, சிங்க்திங்கா?

வீட்டில் டெஸ்க்டாப், வெளியூர் போனால் லேப்டாப். இரண்டிலும் ஒரே ஃபைல்கள் வேண்டும். பென்டிரைவைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது.

கூகுள் டிரைவ் சுலபம். லாகின் செய்தால் வேலை முடிந்தது. இலவசமாக 15 ஜிபி; ஆனால் ஜிமெயிலும் போட்டோஸும் அதே இடத்தில்தான் பங்கு கேட்கும்.

சிங்க்திங் என்ற மென்பொருள் வேறு ரகம். நடுவில் சேமிப்புக் கிடங்கே கிடையாது; ஃபைல் ஒரு கணினியிலிருந்து மற்றதற்கு என்கிரிப்ட் ஆகி (வேறு யாரும் படிக்க முடியாதபடி) நேராகப் போகும். காசு இல்லை, இட வரம்பு உங்கள் ஹார்ட் டிஸ்க்தான். ஆனால் இரண்டு கணினியும் ஒரே நேரத்தில் ஆனில் இருக்க வேண்டும். மதுரைக்குக் கிளம்பிய அவசரத்தில் டெஸ்க்டாப்பை அணைத்துவிட்டேன் (என் தப்புதான்). லாட்ஜில் லேப்டாப்பைத் திறந்தால் முந்தாநாள் கணக்குதான் இருந்தது. அதிலேயே திருத்தினேன். வீடு திரும்பி டெஸ்க்டாப்பைப் போட்டதும் ‘சிங்க்-கான்ஃப்ளிக்ட்’ என்ற பெயரில், தேதியோடு இன்னொரு பிரதி முளைத்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்து வரி வரியாகச் சேர்க்க ஒரு சாயங்காலம் போயிற்று.

இரண்டுமே பேக்கப் அல்ல. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். டிரைவின் குப்பைத்தொட்டி 30 நாள் தாங்கும். சிங்க்திங்கில் பழைய பிரதிகளை எடுத்துவைக்கும் ஃபைல் வெர்ஷனிங்கை நாமேதான் ஆன் செய்ய வேண்டும்.

என் ஓட்டு சிங்க்திங்குக்கு. அப்பாவின் லேப்டாப்பில் மட்டும் டிரைவ் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.