ரெட் பீன்ஸ் அண்ட் ரைஸா, ஹாப்பின் ஜானா?

அமெரிக்காவோட தெற்குப் பக்கத்து சோறு-பயறு சமையல வீட்ல செஞ்சு பாக்கணும்னா ரெண்டு வழி இருக்கு, ஒண்ணு நியூ ஆர்லியன்ஸ் ரெட் பீன்ஸ், இன்னொண்ணு சவுத் கரோலினா பக்கத்து ஹாப்பின் ஜான்.

ரெட் பீன்ஸுக்கு பொறுமை வேணும். ராஜ்மாவ ராத்திரியே ஊறப்போட்டு, வெங்காயம் செலரி பச்சை குடமிளகாய் மூணையும் பொடியா நறுக்கி வதக்கி, தைம், பே லீஃப், ஆன்டூயி சாசேஜ் (புகை போட்ட பன்னிக்கறி சாசேஜ்) எல்லாம் போட்டு சிம்ல ரெண்டு மணி நேரமாவது விடணும். கடைசில கொஞ்சம் பீன்ஸ கரண்டியால பாத்திரத்து ஓரத்துல வச்சு நசுக்கி விடுங்க, அப்பதான் அந்த கெட்டி குழம்பு வரும், மாவு கீவு ஒண்ணும் வேணாம். அங்க திங்கட்கிழமை துணி துவைக்கிற நாளாம், ஞாயித்துக்கிழமை மிச்சமான ஹாம் (பன்னித் தொடைக்கறி) எலும்ப போட்டு அடுப்புல ஏத்திட்டா அது பாட்டுக்கு வேகும்னு வந்த பழக்கம். ஸ்லோ குக்கர்ல மட்டும் நேரா போடாதீங்க, முதல்ல 10 நிமிஷம் தளதளன்னு கொதிக்க விடணும், இல்லன்னா வயித்த ஒரு வழி பண்ணிடும்.

ஹாப்பின் ஜான்ல இந்த பாடெல்லாம் இல்ல. நம்ம காராமணி, பேக்கன் (உப்பு போட்டு பதப்படுத்தின பன்னிக்கறி), வெங்காயம், அவ்ளோதான். பயறு வெந்த தண்ணியிலயே அரிசியும் வேகுது பாருங்க, ருசியே அதுலதான், ரெட் பீன்ஸ்ல சோறு தனியா வடிச்சு மேல ஊத்துறதுதான். ஆனா தண்ணி கூடினா குழைஞ்சிடும். நியூ இயர் அன்னைக்கு காலர்ட் கீரையோட சாப்பிட்டா காசு சேரும்னு அவங்களுக்கு நம்பிக்கை.

வேலை நாள்ல ஹாப்பின் ஜான் போதும். ருசின்னு கேட்டா என் ஓட்டு ரெட் பீன்ஸுக்குதான், மறுநாள் சூடு பண்ணி சாப்பிட்டா இன்னும் தூக்கலா இருக்கும்.