ஒன்பது ஆண்டுச் சங்கும் ஒரு பச்சை விளக்கும்

வேறொரு ஆலையில் பாதுகாப்பு அலுவலராக இருக்கும் நண்பர், எங்கள் வளாகத்தில் உள்ளதைப் போன்ற மோட்டார் சங்கு, அதாவது அபாய ஒலி எழுப்பும் சைரன், வாங்கலாமா என்று சென்ற வாரம் கேட்டார். அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பழுது பார்த்து இரண்டு நாள்கூட ஆகாத நேரம் அது. நான் தொலைபேசியில் சொன்ன பதிலில் நியாயத்தைவிடக் கோபமே கூடுதலாக இருந்ததால், இப்போது சற்று ஆறியபின் எழுதுகிறேன்.

சங்கின் மேல் எனக்குக் குறையே இல்லை. 5 குதிரைத்திறன் மும்முனை மோட்டார் நிமிடத்துக்கு 2,880 சுற்று, அதாவது நொடிக்கு 48 சுற்று சுழல்கிறது. மோட்டார் சுழற்றும் சக்கரமான சுழலியில் பத்துத் திறப்புகள் இருப்பதால் 480 ஹெர்ட்ஸ் ஒலி பிறக்கிறது. கடலோர உப்புக்காற்றில் ஒன்பது ஆண்டுகள் நின்றும் பேரிங்கை ஒரே ஒரு முறைதான் மாற்றியிருக்கிறோம். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அரை நிமிடத்துக்கு மேல் சுழன்று, குரல் படிப்படியாகத் தாழ்ந்து அடங்கும் அந்த முனகலை நான் இன்றும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பதுண்டு. அபாய ஒலியின் ஏற்ற இறக்கமும் அதிலிருந்தே வருகிறது: அடங்குவதற்குள் மீண்டும் மின்சாரம் கொடுத்தால் குரல் எழும்பும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் மோட்டார் பல மடங்கு மின்னோட்டத்தை இழுப்பதால் முதல் ஆண்டில், மின்னோட்டம் மிகுந்தால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலே இரண்டு முறை ட்ரிப் ஆனது. தகுந்த ரிலே பொருத்தியதும் அந்தத் தொல்லை தீர்ந்தது.

தீராத தொல்லை பெட்டியின் முகப்பில் இருக்கும் பச்சை விளக்கு. 'சங்கு ஒலிக்கிறது' என்று அதன் கீழே எழுதியிருக்கிறார்கள். ஆனால் அது எரிவதற்கு, மோட்டாருக்கு மின்சாரம் விடும் சுவிட்சான கான்டாக்டர் மூடிக்கொண்டாலே போதும், மோட்டார் சுழலவே வேண்டியதில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் சங்கு நிற்கும் கோபுரத்துக்கு வண்ணம் பூச ஏறியவர்கள், மோட்டார் அருகே மின் இணைப்பைத் துண்டிக்க உள்ள ஐசொலேட்டரை முறையாக அணைத்துவிட்டு வேலை செய்து, திரும்பப் போட மறந்து இறங்கிவிட்டனர். குளிரூட்டிய கட்டுப்பாட்டு அறைக்குள் வெளிச்சத்தம் வராது. வாராந்திரத் திங்கட்கிழமைச் சோதனையில் நான் விளக்கைப் பார்த்துப் பதிவேட்டில் 'சரி' என்று எழுதினேன். மூன்று திங்கட்கிழமைகள் அப்படியே எழுதினேன். நான்காம் வாரம் வாயிலுக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவர், "என்ன சார், மூணு வாரமா சங்கையே காணோம்? ஆலைக்கே சங்கு ஊதிட்டாங்களா?" என்று கேட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1984 டிசம்பரில் போபாலில் நச்சுவாயு கசிந்த இரவில், ஊருக்கான சங்கு சற்று நேரம் ஒலித்து நிறுத்தப்பட்டு, வெகுநேரம் கழித்தே மீண்டும் முழங்கியது என்பதை இத்தொழிலில் இருப்பவர்கள் படிக்காமல் இருக்க முடியாது. அதைப் படித்தவன் கையெழுத்தில்தான் அந்த மூன்று 'சரி'களும் பதிவேட்டில் இருக்கின்றன.

விற்றவர்களிடம் கேட்டபோது, மோட்டார் மின்னோட்டத்தை உணரும் ரிலே 'கூடுதல் வசதி' என்றும் அதற்குத் தனி விலை என்றும் சொன்னார்கள். இரண்டு ஆண்டுகள் கடிதம் எழுதி, அனுமதி வாங்கி, சென்ற வாரம்தான் அதைப் பொருத்தினோம். இனி மோட்டார் மின்னோட்டம் இழுத்தால்தான் விளக்கு எரியும். ஆனால் சுழலியில் ஏதாவது சிக்கி மோட்டார் சுழலாமல் நின்றாலும் மின்னோட்டம் பாயும், ஓவர்லோடு ரிலே ட்ரிப் ஆகும்வரை விளக்கும் எரியும் என்பதால் அதையும் நான் முழுதாக நம்பவில்லை.

சங்கு என்ற அளவில் இதைவிட உழைக்கும் பொருளை நான் பார்த்ததில்லை. ஆனாலும் வாங்க வேண்டாம் என்றுதான் நண்பரிடம் மறுபடியும் சொல்வேன். இது நியாயமான தீர்ப்பு அல்ல என்று அவரும் சொல்லிவிட்டார். இந்தத் திங்கட்கிழமை சோதனைக்கு ஒரு காவலரை வாயிலில் நிறுத்தினேன். சங்கு கேட்டதும் அவர் தொலைபேசியில் சொன்னார், அதன் பிறகே பதிவேட்டைத் திறந்தேன். பச்சை விளக்கின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கிறேன்.