ஊருக்குப் போகும்போது மாத்திரைப் பெட்டியையும் பாருங்கள்

வீட்டில் ஒருவருக்கு மருந்துக்கு அடங்காத டிபி என்று தெரிந்ததும், வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் முதலில் தேடுவது பெரிய தனியார் ஆஸ்பத்திரியைத்தான். தமிழ்நாட்டில் அதற்கு அவசியமில்லை. சோதனையும் மருந்தும் அரசு காசநோய்ப் பிரிவிலேயே இலவசம். சிகிச்சை தடுமாறுவது பெரும்பாலும் வீட்டுக்குள்தான்.

சளியைச் சோதிக்கும் ட்ரூநாட், சிபிநாட் கருவிகள் ஏறக்குறைய 2 மணி நேரத்தில், டிபியின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமியிடம் எதிர்ப்பு உண்டா என்று சொல்லிவிடும். மற்ற மருந்துகள் வேலை செய்யுமா என்பது, கிருமியின் மரபணுவைப் பார்க்கும் எல்பிஏ, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைகளில்தான் தெரியும். கல்ச்சருக்கு 6 வாரம் வரை ஆகலாம். அந்த இரண்டாவது ரிப்போர்ட் வந்ததா என்று கேட்டு வாங்கிப் பாருங்கள். சளி என்று எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் எந்தச் சோதனையும் வீண். காலையில் வாய் கொப்பளித்து, மூச்சை ஆழ இழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுக்க வேண்டும்.

முன்பு ஒன்றரை வருடம், அதற்கு மேலும் இழுத்த சிகிச்சை இப்போது பலருக்கு 26 வாரம். பெடாக்விலின், பிரெட்டோமனிட், லினசோலிட், மாக்ஸிஃப்ளாக்ஸசின் சேர்ந்த இந்த முறைக்கு 2024 செப்டம்பரில் இந்தியா அனுமதி தந்தது. குழப்பம் வருவது பெடாக்விலினில். முதல் 2 வாரம் தினமும் 400 மில்லிகிராம், அதாவது 4 மாத்திரை. அதன்பின் 2 மாத்திரை, வாரத்தில் 3 நாள் மட்டும். மாறும் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டுவிடுங்கள். சாப்பாட்டோடு போட வேண்டும். வெறும் வயிற்றில் பாதி அளவுதான் உடம்பில் சேரும்.

நாம் ஆசையாகக் கொண்டுபோகும் மல்டிவிட்டமின் டப்பாவும் இங்கே இடைஞ்சல். அதிலுள்ள இரும்பும் துத்தநாகமும் மாக்ஸிஃப்ளாக்ஸசினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அலுமினியம், மெக்னீசியம் உள்ள அசிடிட்டி மாத்திரையும் அப்படித்தான். மாக்ஸி போட்டு 4 மணி நேரமாவது கழித்துக் கொடுங்கள். வாந்திக்கு ஒண்டான்செட்ரான், இருமலுக்கு அசித்ரோமைசின் என்று பக்கத்து க்ளினிக்கில் வாங்குவது இன்னும் ஆபத்து. பெடாக்விலினோடு சேர்ந்தால் இதயத் துடிப்பின் தாளம் கெடலாம். ஈசிஜி எடுக்கச் சொல்வதும் அதற்காகவே.

லினசோலிட்டை நெருங்கிக் கவனியுங்கள். பாதம் எரியும், மரத்துப் போகும், ரத்தம் குறையும், சிலருக்குப் பார்வை மங்கும். "வயசாச்சு, சர்க்கரை இருக்கு" என்று சொல்லாமல் மறைப்பார்கள். அல்லது பயந்து நான்கையும் சேர்த்து நிறுத்திவிடுவார்கள். இரண்டாவதுதான் மிக மோசம், மிஞ்சிய மருந்துக்கும் கிருமி பழகிவிடலாம். மருத்துவரிடம் சொன்னால் தேவைக்கேற்ப லினசோலிட்டை மட்டும் 600-லிருந்து 300 மில்லிகிராமாகக் குறைக்க வழியிருக்கிறது. பார்வை மங்கினால் அன்றே காட்ட வேண்டும். ரத்த அளவு, ஈசிஜி, கண், பாத உணர்வு நான்கும் மாதாமாதம் பார்க்கப்பட்டதா என்று சிகிச்சை அட்டையில் சரிபாருங்கள்.

சில வாரத்தில் இருமல் அடங்கும், எடை ஏறும். குணமாகிவிட்டது என்று நினைத்து மாத்திரையைப் பாதியில் விட்டுவிடுவதும் அப்போதுதான். குணமாவதைக் காட்டுவது மாதாந்திரக் கல்ச்சர். சிபிநாட் செத்த கிருமியின் டிஎன்ஏவையும் காட்டும், எக்ஸ்ரேயில் தழும்பு கிடக்கும். அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம்.

சத்துணவுக்கு 2024 நவம்பர் முதல் மாதம் 1000 ரூபாய் வீதம் அரசு உதவி வங்கிக் கணக்கில் வருகிறது. வரவில்லையென்றால் அரசின் டிபி நோயாளிப் பதிவேடான நிக்ஷயில் கணக்கு எண் சரியா என்று காசநோய்ப் பிரிவில் கேளுங்கள்.

தட்டையும் டம்ளரையும் தனியாக ஒதுக்கி நோயாளியை நோகடிக்காதீர்கள். டிபி காற்றில்தான் பரவும். ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், சளியில் கிருமி இல்லை என்று ஆகும்வரை அவர் மாஸ்க் போடட்டும், கூட இருப்பவர்கள் எல்லோரும் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். விடுமுறைக்கு வந்து அந்த வீட்டில் தங்கிய நீங்களும்தான்.