குளோரின் தண்ணீரா, போர் தண்ணீரா: செடிக்கு எது தேவலை?

குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை அடித்தால் செடிக்கு ஊற்றக் கை வராது. போர் தண்ணீர் என்றால் யோசிக்காமல் மோட்டாரைப் போடுவோம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் மாடித் தோட்டம் வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டியது போர் தண்ணீருக்குத்தான்.

குடிநீரில் குறைந்தது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சமிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. அது கொஞ்சம் கூடினாலும் கத்தரியோ மிளகாயோ வாடிவிடாது. மண்ணில் பட்டதும் மக்கிய இலைதழையோடு வினைபுரிந்து குளோரின் தீர்ந்துபோகும். மேல்மண்ணில் சில நுண்ணுயிர்கள் சாகலாம், சீக்கிரமே மறுபடி பெருகிவிடும். மேல்நிலைத் தொட்டி கழுவி ப்ளீச்சிங் பவுடர் போட்ட அன்று வாடை மூக்கைத் துளைத்தால் மட்டும் நாற்றுகளுக்கு ஊற்ற வேண்டாம்.

போர் தண்ணீரின் உப்பு அப்படிப் போகாது. கடலோரத்தில் நிலத்தடி நீர் பல இடங்களில் கரிக்கும். தண்ணீர் ஆவியாகும், உப்பு செடித் தொட்டியிலேயே தங்கும். விளிம்பில் வெள்ளையாகப் பூக்கும், அப்புறம் இலை நுனி கருகும். வெயிலில் வைத்தாலும் காய்ச்சினாலும் உப்பு குறையாது. தென்னை தாங்கும், பீன்ஸ் தாங்காது. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் ஆற்றோரத்தில் போர் தண்ணீர் கரிக்கவில்லையா, தாராளமாக ஊற்றுங்கள்.

குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஒருநாள் வைத்து ஊற்றச் சொல்வார்கள். அகன்ற வாளியில் வெயில் படும்படி வைத்தால் குளோரின் பெரும்பாலும் போய்விடும், உண்மைதான். ஆனால் தினமும் ஊற்றும் தண்ணீருக்கு அது வீண் வேலை. ஜீவாமிர்தம், பஞ்சகவ்யம், அசோஸ்பைரில்லம் போன்ற நுண்ணுயிர் உரங்களைக் கரைக்கும்போதுதான் அவசியம். உயிருள்ள சரக்கைக் கிருமிநாசினியில் கலக்கக்கூடாது அல்லவா? வாளிமேல் வலைத்துணி கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் டெங்குக் கொசு முட்டையிடும்.

குழாய்த் தண்ணீருக்கு ஒரு நிஜமான குறை உண்டு. கோடையில் கொஞ்ச நேரமே வரும் குடிநீரைச் செடிக்கு விட்டால் தெருவில் சண்டைதான் வரும். அந்த மாதங்களில் அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரைச் சேர்த்து ஊற்றுங்கள்.

மழைநீர்தான் முதல் தரம். ஆனால் அது கொட்டும் ஐப்பசி, கார்த்திகையில் செடிகள் கேட்பதில்லை. சித்திரைக்குச் சேர்த்துவைக்க எத்தனை ட்ரம் வாங்குவது? போர் தண்ணீர் ஊற்றிய தொட்டிகளை அந்த மழையில் வெளியே வைத்து, அடித்துளை அடைக்காமல் பார்த்துக்கொண்டால், தேங்கிய உப்பு நிறையக் கழுவிப்போகும்.