ஸ்டார் எந்தப் பக்கம்? கிளாங்-ஃபார்மட்டிடம் விட்டுவிடலாம், ஆனால் கொஞ்சம் கவனம்

சி++ கோட் ரிவ்யூவில் லாஜிக்கை விட்டுவிட்டு 'பாயின்டர் ஸ்டாரைத் தள்ளி வை' என்று (பாயின்டர் என்றால் மெமரி முகவரியை வைத்திருக்கும் வேரியபிள், அதை அறிவிக்கும்போது போடும் * குறிதான் ஸ்டார்) கமென்ட் போடுகிற ஆள் உங்கள் டீமில் இருந்தால் கிளாங்-ஃபார்மட்டைப் போட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். கோடின் இடைவெளி, வரி மடிப்பை எல்லாம் தானாகவே ஒரே மாதிரி ஆக்கித் தரும், எல்எல்விஎம் என்ற கம்பைலர் ப்ராஜெக்ட்டின் இலவச டூல். கான்ஃபிக் ஃபைலில் பாயின்டர்அலைன்மென்ட் என்று ஒரு வரி எழுதினால் போதும்: லெஃப்ட் என்றால் 'இன்ட்* பி', ரைட் என்றால் 'இன்ட் *பி', மிடில் என்றால் 'இன்ட் * பி' (இதைக் கேட்கிறவரை இன்னும் நான் பார்த்ததில்லை). எல்எல்விஎம்மும் லினக்ஸ் கெர்னலும் ரைட், கூகுளும் மொசில்லாவும் லெஃப்ட்.

டூலோடு தயாராக வரும் கூகுள் பாணியை அடிப்படையாக வைத்துத் தொடங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது டிரைவ்பாயின்டர்அலைன்மென்ட் என்ற இன்னொரு கான்ஃபிக் வரியில். பல பதிப்புகளில் அந்தப் பாணியில் இது ட்ரூ என்றுதான் வரும். அப்படி இருந்தால் நீங்கள் லெஃப்ட் என்று எழுதி வைத்ததை டூல் கண்டுகொள்ளாது, ஒவ்வொரு ஃபைலிலும் எந்தப் பக்கம் ஸ்டார் அதிகம் என்று எண்ணிப் பார்த்து அந்தப் பக்கமே சாய்ந்துவிடும், எண்ண ஒன்றும் கிடைக்காத ஃபைலில்தான் உங்கள் வரிக்கு மரியாதை. பழைய ஃபைல் ஒரு மாதிரி, புது ஃபைல் ஒரு மாதிரி என்று ரெப்போ அப்படியே கிடக்க, டூல் வேலையே செய்யவில்லை என்று திட்டுவார்கள். ஃபால்ஸ் போடுங்கள், சரியாகிவிடும்.

'இன்ட்* பி, க்யூ;' விவகாரத்தில் மட்டும் கிளாங்-ஃபார்மட்டை நம்பாதீர்கள். பார்த்தால் இரண்டும் பாயின்டர் போல இருக்கும், க்யூ வெறும் இன்ட். சி இலக்கணத்தில் ஸ்டார் பெயரோடுதான் சேர்கிறது, ரைட் கட்சிக்காரர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. கிளாங்-ஃபார்மட் இடைவெளியைத்தான் மாற்றும், அறிவிப்பைப் பிரித்துத் தராது. அதற்கு கோடில் தவறு தேடும் கிளாங்-டைடி என்ற டூலில் ரீடபிலிட்டி-ஐசொலேட்-டிக்ளரேஷன் என்று தனி செக் இருக்கிறது, அதையும் சேர்த்துப் போட்டுவிட்டால் ஃபங்ஷனுக்குள் வரிக்கு ஒரு வேரியபிள்தான், அப்புறம் அங்கே லெஃப்ட்டில் பெரிய ஆபத்து இல்லை (குளோபல், மெம்பர் வேரியபிள்களை அது தொடாது, அவற்றை நீங்களே பிரியுங்கள்). என் ஓட்டு லெஃப்ட்டுக்கே. ரெஃபரன்ஸுக்கான (ஒரு வேரியபிளுக்கு இன்னொரு பெயர்) '&'-ஐ வேறு பக்கம் வைக்க வேண்டுமா, 13-ஆம் பதிப்பிலிருந்து ரெஃபரன்ஸ்அலைன்மென்ட் தனியாக உண்டு.

பழைய ரெப்போ என்றால் மொத்தமாக ஃபார்மட் செய்து ப்ளேம் வரலாற்றை (எந்த வரியை யார், எப்போது மாற்றினார் என்று கிட் காட்டுவது) கெடுக்காதீர்கள், கிட்-கிளாங்-ஃபார்மட் மாற்றிய வரிகளை மட்டும் தொடும். மொத்தமாகச் செய்தே தீர வேண்டும் என்றால் அதைத் தனி கமிட்டாக வையுங்கள், கிட் 2.23 முதல் ப்ளேமில் அந்தக் கமிட்டைத் தாண்டிப் பார்க்க வழி இருக்கிறது. எல்லோர் மெஷினிலும் சிஐயிலும் (கோடைத் தானாகச் சோதிக்கும் சர்வர்) ஒரே பதிப்பு இருக்கட்டும், ஒரே கான்ஃபிக்குக்கு 14 ஒரு மாதிரியும் 18 ஒரு மாதிரியும் வரி மடிக்கும்.