நீள்வைக்கோலா, நீர்நாணலா? இங்கிலாந்துப் பழங்கூரைகளின் கணக்கு

இங்கிலாந்தில் ஓக் மரச்சட்ட வீடுகளின் கூரை வேய மூன்று பொருள்கள் உண்டு: நீள்வைக்கோல், சீவிய கோதுமைத்தாள், நீர்நாணல். இவற்றில் சீவிய கோதுமைத்தாள் தென்மேற்கே டெவன், டார்செட் பக்கத்து வழக்கம். தாளின் அடிமுனை மட்டும் வெளியே தெரியும்படி வேய்வதால் பார்வைக்கு நாணல் போலவே இருக்கும். வீட்டுக்காரர்களைக் குழப்புவது மற்ற இரண்டும்தான்.

ஆயுளில் நாணலே முந்தும். நன்றாக வேய்ந்தால் 40 ஆண்டு, சிலசமயம் அதற்கும் மேல். நீள்வைக்கோல் 15 முதல் 25 ஆண்டு தாங்கும். ஆனால் விறைத்த நாணலை முகட்டின் மேல் மடக்க முடியாது. முகட்டுக்குக் கோரையோ வைக்கோலோதான் போட வேண்டும், அதை 10–15 ஆண்டுக்கொருமுறை மாற்றவும் வேண்டும். விலை கேட்கும்போது இந்தச் செலவையும் சேர்த்துக் கேளுங்கள்.

பழைய வீட்டின் கைமரங்கள் பல இடங்களில் பட்டை உரித்த கோணல் கழிகள். சட்டமும் காலப்போக்கில் சாய்ந்து, கூரை மேடுபள்ளமாகியிருக்கும். வைக்கோல் அதற்கு இசைந்து போகும். தரையில் பரப்பித் தண்ணீர் தெளித்து, கையால் உருவிச் சுமார் 45 செ.மீ. அகலக் கற்றைகளாக்குவார்கள். பள்ளத்தில் கூட்டியும் மேட்டில் குறைத்தும் வைத்து, பழைய அடுக்கின் மேலேயே ஹேசல் என்ற புதர்மரக் குச்சி முளைகளால் தைப்பார்கள். பிளந்த குச்சியின் இரு முனையையும் கூராக்கி, நடுவில் முறுக்கி மடக்கியதுதான் முளை. முறுக்காமல் மடக்கினால் ஒடிந்துவிடும். உரித்தெடுப்பது மக்கிப்போன மேலடுக்கை மட்டுமே.

நாணலை வரிச்சோடு சேர்த்துக் கட்டுவதால் பழைய கூரையைப் பெரும்பாலும் முழுக்கப் பிரிக்க நேரும். கைமரங்களையும் கட்டை வைத்துச் சமன்செய்ய வேண்டும். இறவாணத்தில் முதல் வரிசையைத் தூக்கிப் பிடிக்கும் சாய்கட்டை வைத்து அதை இறுக்காவிட்டால் மேலே உள்ளதெல்லாம் தளர்ந்து நழுவும்.

பிரிக்கும்போது இன்னொன்றும் போய்விடலாம். புகைபோக்கி இல்லாத காலத்தில் கூடத்து நடுவே எரிந்த தீயின் கரி படிந்த அடியடுக்கு சில வீடுகளில், குறிப்பாக டெவனில், இன்னும் மிஞ்சியிருக்கிறது. இடைக்காலக் கோதுமையும் ரை என்ற தானியமும் கதிரோடு அதில் கிடைக்கின்றன. மேலே அடுக்கு அடுக்காக வேய்ந்துவந்ததால்தான் அது தப்பியது. பாதுகாக்க வேண்டியது என்று அரசு பட்டியலிட்ட கட்டடத்தில் வைக்கோலை நாணலாக்கப் பொதுவாக முன் அனுமதி தேவைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். கிழக்கே நார்ஃபோக் சதுப்புப் பக்கத்துக் கதை வேறு. நாணல் அங்கே மண்ணின் மரபு, தயங்க வேண்டியதில்லை.

வைக்கோலின் பலவீனம் வயலில் இருக்கிறது. இன்றைய கோதுமை குட்டை. கம்பைன் அறுவடை இயந்திரம் தாளை நொறுக்கிவிடும். நைட்ரஜன் உரம் மிஞ்சினால் தண்டு மென்மையாகிச் சீக்கிரம் மக்கும். ஆகவே மாரிஸ் விட்ஜன் போன்ற உயரமான ரகத்தை, முழுதாக முற்றுமுன், தாளை நொறுக்காமல் அறுத்துக் கட்டாக்கும் பழைய கட்டு இயந்திரத்தில் அறுத்த தாளா என்று கேட்டு வாங்குங்கள்.

கூரைச் சரிவு 50 பாகை இருந்தால் நல்லது. 45-க்குக் கீழே போனால் எதை வேய்ந்தாலும் நீர் வடியாமல் அழுகும். மரநிழல் விழும் வடக்குச் சரிவு முதலில் கெடும். நிறம் கறுத்ததைப் பார்த்துப் பதற வேண்டாம். உள்ளே தைத்த முளைகள் வெளியே தலைகாட்டினால்தான் புது அடுக்குக்கு ஆளைக் கூப்பிட வேண்டும்.