சேலம் விமானம்: நம்பி டிக்கெட் போடலாமா?

சென்னையில் வேலை, தாரமங்கலம் பக்கம் சொந்த ஊர். இப்படி இருக்கிறவர்களுக்குச் சேலம் விமான நிலையம் எவ்வளவு பெரிய வசதி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் நிறையக் கோபமாக எழுதப் போகிறேன், அதில் இது அடிபட்டுப் போய்விடக் கூடாது.

வீட்டிலிருந்து கிளம்பினால் அரை மணி நேரத்துக்குள் விமான நிலையம் இருக்கும் காமலாபுரம். மீனம்பாக்கத்தில் வாசலில் தொடங்கிப் பாதுகாப்புச் சோதனை வரை வரிசையில் நின்று பழகியவர்களுக்கு இந்த நிலையம் ஆச்சரியமாகத்தான் இருக்கும். உள்ளே நுழைந்தால் எதிரிலேயே செக்-இன் மேசை, அடுத்து சோதனை, அடுத்து உட்காரும் கூடம், அவ்வளவுதான். ஒருமுறை செக்-இன் மேசையில் இருந்த பெண் அப்பாவின் கைத்தடியைப் பார்த்துவிட்டு, நாங்கள் கேட்காமலேயே கடைசி வரிசைக்கு இடம் மாற்றிக் கொடுத்தார். இங்கே வரும் ஏடிஆர் என்ற சிறிய விமானத்தில் பின்பக்கக் கதவு வழியாகத்தான் ஏற வேண்டும். கடைசி வரிசை என்றால் படி ஏறியதும் உட்கார்ந்துவிடலாம். பெரிய விமான நிலையத்தில் இந்த ஒன்றைக் கேட்டு வாங்கவே நாலு பேரிடம் பேச வேண்டியிருக்கும்.

பஸ் கிடையாது, கூடத்திலிருந்து வெயிலில் நடந்துபோய் ஏற வேண்டியதுதான். பெரிய டிராலிப் பெட்டி தலைக்கு மேலே உள்ள பெட்டித்தட்டில் நுழையாது. படிக்கட்டுப் பக்கத்திலேயே டேக் கட்டி வாங்கிக்கொள்வார்கள். ஏடிஆருக்கு இறக்கை உடம்புக்கு மேலே இருப்பதால் எந்த ஜன்னலில் உட்கார்ந்தாலும் கீழே தரை மறையாமல் தெரியும். கிளம்பிய சில நிமிடங்களில் சேர்வராயன் மலை பக்கத்தில் வந்துவிடும். மழைக்காலம் முடிந்த கையோடு போனால் அடிவாரம் முதல் உச்சி வரை ஒரே பச்சை. சின்ன வயதிலிருந்து பஸ் ஜன்னலில் அண்ணாந்து பார்த்த மலையை நேருக்கு நேர் பார்ப்பது எனக்கு இன்னும் அலுக்கவில்லை. அம்மா முதல்முறை வந்தபோது, "ஏற்காடு ரோடு எதுடா, காட்டு" என்று ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவே இல்லை.

ஒரு மணி நேரத்தில் சென்னை. இதே தூரம் காரில் என்றால் ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை வழியாக ஆறு மணி நேரம், செங்கல்பட்டு நெரிசல் அதற்கு மேல்.

இவ்வளவும் நல்லதுதான். குறை ஒன்றே ஒன்று. இன்றைக்கு இருக்கும் விமானம் நாளைக்கும் இருக்குமா என்பது யாருக்கும் தெரியாது.

காமலாபுரத்தில் விமான நிலையம் 1993இலேயே வந்துவிட்டது. ஆனால் அதன் ஆயுளில் பெரும்பகுதி பயணிகள் விமானமே வராமல் கழிந்தது. 2009 நவம்பரில் கிங்ஃபிஷர் சென்னைக்கு விமானம் விட்டது, 2011இல் நிறுத்தியது, அடுத்த ஆண்டு அந்த நிறுவனமே முடங்கிப் போனது. அதற்குப் பிறகு ஆறேழு வருடம் வெறும் ஓடுதளம். 2018 மார்ச் 25 அன்று, சிறு ஊர்களுக்கும் விமானம் விட மத்திய அரசு கொண்டுவந்த உடான் திட்டத்தில் ட்ரூஜெட் வந்தது. எங்கள் வீட்டில் விமானப் பழக்கம் வந்ததே அப்போதுதான். 2021இல் அதுவும் நின்றது. மறுபடி இரண்டு வருடம் எதுவும் இல்லை. 2023 அக்டோபரில் பெங்களூரு, கொச்சி, ஹைதராபாத், சென்னை என்று ஒரே மாதத்தில் நாலு ஊர்களுக்கு விமானம் என்றார்கள். சந்தோஷம்தான், ஆனால் இந்தமுறை எத்தனை நாளைக்கு என்ற கேள்வியும் கூடவே வந்தது.

நிறுத்தினால் ஒரேயடியாக நிறுத்துவார்கள் என்றுகூட இல்லை. ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும், விமானங்களின் கால அட்டவணை மாறும். ஒவ்வொரு முறையும் எங்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். தினசரி விமானம் வாரத்தில் சில நாள் என்று ஆகலாம். காலை நேரம் மாலைக்குப் போகலாம். நடுவில் ஏதாவது ஒரு நாள், "இயக்கக் காரணங்களால் ரத்து" என்று ஒரு எஸ்எம்எஸ் வரும்.

அப்படி ஒன்று அப்பாவின் முழங்கால் டாக்டரைப் பார்க்கப் போக வேண்டிய நாளுக்கு முந்தைய இரவு வந்தது. நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். மாற்று ஏற்பாடு என்று அவர்கள் காட்டியது கோவையிலிருந்து கிளம்பும் விமானம். சேலத்துக்காரன் நூற்று அறுபது கிலோமீட்டர் மேற்கே போய், அங்கிருந்து கிழக்கே பறந்து வர வேண்டுமாம். தட்கல் நேரமும் முடிந்துவிட்டது. விடியற்காலை டாக்ஸி பிடித்தோம். விக்கிரவாண்டி தாண்டும்போதே அப்பாவின் முட்டி வீங்க ஆரம்பித்துவிட்டது. பின் சீட்டில் என் மடியில் காலை நீட்டிக்கொண்டு, "பிளைட்டுன்னு நம்பினோம் பாரு" என்று ஒரே ஒரு முறை சொன்னார். அப்புறம் சென்னை வரும் வரை பேசவில்லை.

டிக்கெட் பணம் திரும்பி வந்தது. டாக்ஸிக்குக் கொடுத்தது அதைவிட அதிகம். விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி, குறைந்தது 24 மணி நேரம் முன்னதாகச் சொல்லாமல் ரத்து செய்தால், ஒரு மணி நேரம் வரையிலான விமானத்துக்கு 5,000 ரூபாய், அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இரண்டில் எது குறைவோ அது இழப்பீடாகக் கிடைக்க வேண்டும். ஆனால் நிறுவனத்தின் கட்டுப்பாட்டை மீறிய காரணம் என்றால் இழப்பீடு கிடையாது. எனக்கு வந்த பதிலும் அந்த ஒரு வரிதான். வழித்தடத்தையே எடுத்துவிடும்போது வாரக்கணக்கில் முன்னதாகச் சொல்லிவிடுகிறார்கள், அதனால் அங்கே இழப்பீட்டுப் பேச்சே எழாது. சென்னை–டெல்லியில் ஒரு விமானம் ரத்தானால் அடுத்ததில் ஏற்றிவிடுவார்கள். ஒரு நாளைக்கு ஒரே விமானம் உள்ள ஊரில் ரத்து என்றால் அந்த நாளே போச்சு. விதி இரண்டுக்கும் ஒரே கணக்குப் போடுகிறது, எனக்கு ஆறாதது இதுதான்.

நிறுவனங்களின் பக்கமும் நியாயம் இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். உடான் வழித்தடங்களில் பாதி இருக்கைகளைக் கட்டண உச்சவரம்புக்குள் விற்க வேண்டும். நஷ்டத்தை ஈடுகட்டும் தொகை மூன்று ஆண்டுகளுக்கு வரும், அதில் 80 சதவீதம் மத்திய அரசின் நிதியிலிருந்து, 20 சதவீதம் மாநிலம். அந்த மூன்று ஆண்டு முடிந்ததும் சொந்தக் காலில் நிற்க வேண்டும். எத்தனை வழித்தடம் நின்றது என்பதைத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் 2023 அறிக்கையில் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒதுக்கிய 774 வழித்தடங்களில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கிய 371இல் மூன்று ஆண்டை முழுதாக முடித்தவை 112. அதற்குப் பிறகும் 2023 மார்ச்சில் ஓடிக்கொண்டிருந்தவை 54. இதைப் படித்த பிறகு சேலத்துக்கு மட்டும் கெட்ட நேரம் என்று நினைப்பதை விட்டுவிட்டேன்.

ஓடுதளம் ஏறக்குறைய 1,800 மீட்டர்தான். ஏர்பஸ் அளவு விமானத்தை வைத்து இங்கே சேவை நடத்த முடியாது, ஏடிஆர் மாதிரி விமானங்கள்தான் சரிப்படும். அவற்றைக் கையில் வைத்திருக்கும் நிறுவனங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு விமானம் பழுதுபார்க்கப் போனால், எந்த ஊருக்கு வருமானம் குறைவோ அந்த ஊரில்தான் முதலில் கை வைப்பார்கள். ஓடுதளத்தை நீட்டலாம் என்றால் ஐந்நூறு ஏக்கருக்கு மேல் நிலம் வேண்டும். பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டிப் பக்கத்து விவசாயிகள் கொடுக்க மாட்டோம் என்று போராடினார்கள். கிணறும் தென்னையுமாக இருக்கும் நிலத்தை அவர்கள் ஏன் விட வேண்டும் என்பது எனக்குப் புரிகிறது. என் பயண வசதிக்காக அவர்களைக் குறை சொல்ல வாய் வராது.

ஆனால் "ஆள் இல்லை, அதனால் நிறுத்துகிறோம்" என்ற காரணத்தை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசு வியாபாரம், ஜவ்வரிசி, நாமக்கல் முட்டை, லாரி பாடி கட்டும் பட்டறைகள், திருச்செங்கோடு போர்வெல் ரிக் வண்டிகள், தருமபுரி, ஈரோட்டின் ஒரு பகுதி, எல்லாரும் இந்த நிலையத்துக்கு வரக்கூடியவர்கள். வியாபாரிக்குக் காலையில் போய் மாலையில் திரும்ப வேண்டும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு முறை வந்துபோகும் விமானத்தில் அது நடக்காது, அதனால் அவர் ரயிலுக்கோ காருக்கோ போய்விடுகிறார். குடும்பத்தோடு போகிறவர் ரத்தாகிவிடுமோ என்று பயந்து கடைசி வாரம் வரை டிக்கெட் போடுவதில்லை. முன்பதிவு குறைவாகத் தெரிகிறது, விமானத்தைக் குறைக்கிறார்கள், பயம் இன்னும் கூடுகிறது. பெங்களூருக்கு வேறு கதை. தொப்பூர் கணவாய் ஏறினால் ஓசூர் வரை நல்ல சாலை, அங்கோ விமான நிலையம் ஊருக்கு வடகோடியில் தேவனஹள்ளியில் இருக்கிறது. ஐடியில் வேலை செய்கிறவர் அங்கே இறங்கி எலக்ட்ரானிக் சிட்டிக்கு வருவதற்குள், பஸ்ஸில் போனவர் வேலையை ஆரம்பித்திருப்பார். அந்த வழித்தடத்தைக் குறைத்தால் நான் சண்டைக்கு வர மாட்டேன். சென்னைக்கு அப்படி இல்லை.

போட்டிக்கு ரயிலும் வலுவாக வந்துவிட்டது. 2023 ஏப்ரலில் தொடங்கிய சென்னை–கோவை வந்தே பாரத் நாலு மணி நேரத்துக்குள் சேலத்தில் இறக்கிவிடுகிறது, அதுவும் ஊருக்குள்ளேயே. இரவில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் இருக்கவே இருக்கிறது. வீட்டிலிருந்து வீட்டுக்கு என்று கணக்கிட்டால் விமானத்தில் மிச்சமாவது ஒரு மணி நேரம், மிஞ்சிப் போனால் ஒன்றரை.

ஊர்க்கார நண்பர் ஒருவர் தங்கை கல்யாணத்துக்குச் சென்னையிலிருந்து எட்டுப் பேரை விமானத்தில் கூட்டிவரலாமா என்று கேட்டதால்தான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன். பயண அனுபவத்துக்கு மட்டும் மதிப்பெண் என்றால் ஐந்துக்கு நாலரை தாராளமாகக் கொடுப்பேன். தமிழ்நாட்டில் இதைவிட நிம்மதியாக விமானம் ஏறும் இடத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் அவருக்கு வேண்டாம் என்றுதான் சொன்னேன். முகூர்த்தம், ஆபரேஷன், நேர்காணல் என்று தேதி மாறாத எதற்கும் இந்த விமானத்தில் டிக்கெட் போடாதீர்கள். ஒரு நாள் முன்னே பின்னே ஆனாலும் பரவாயில்லை என்ற பயணமா, கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள், ஜன்னல் சீட்டாகவே கேளுங்கள்.

நிறுவனங்களிடம் நான் கேட்பது கட்டணக் குறைப்பு அல்ல. வாரத்தில் மூன்று நாள்தான் முடியும் என்றால் மூன்று நாளே விடுங்கள், அந்த மூன்று நாளும் ஒரு வருடம் மாறாமல் விடுங்கள். ஐந்நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுக்கவும் நாங்கள் தயார். மாநில அரசு இருபது சதவீதம் கொடுக்கிறது, அந்தப் பணத்துக்கு இப்படி ஒரு உத்தரவாதத்தைக் கேட்டு வாங்கலாம். அது நடக்கும் வரை அப்பாவின் முழங்காலுக்கு வந்தே பாரத்தில்தான் போகிறோம். அடுத்த மாத டிக்கெட்டும் போட்டாகிவிட்டது.